தலைமாட்டில் நின்றவர்

எங்கள் பக்கத்தில் ஆபரேஷனில் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு எப்போது இடுப்பு வலித்தாலும் குற்றவாளி ஒருவர்தான். முதுகில் ஊசி போட்ட மயக்க டாக்டர். பிள்ளை பிறந்து இருபது வருஷம் ஆகியிருக்கும். அந்தப் பிள்ளை பாலிடெக்னிக் முடித்து லாரிப் பட்டறையில் வெல்டிங் அடித்துக்கொண்டிருக்கும். அவன் அம்மா கல்யாணப் பந்தியில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த ஊசிதான் அம்மணி, அன்னைக்குப் போன இடுப்பு" என்பாள். இடையில் அவள் தூக்கிய தண்ணீர்க் குடங்களையும், விசைத்தறிக்கு முன்னால் நின்ற நேரத்தையும் அவள் சந்தேகப்படவே மாட்டாள். ஆபரேஷன் செய்த டாக்டரம்மாவைப் பற்றிக் கேட்டால் அவருடைய ஊர், தெரு, வீட்டு நாயின் பெயர் வரைக்கும் சொல்வாள். ஊசி போட்டவர் யார் என்று கேட்டால், "யாரோ வந்தாங்க, போட்டாங்க, போனாங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வரும். திருச்செங்கோட்டில் இருபது படுக்கை உள்ள ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினோரு வருஷம் தியேட்டர் நர்ஸாக இருந்தவள் நான். அந்த 'யாரோ'வைப் பக்கத்திலேயே நின்று பார்த்தவள். அவரைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். பெயரைப் போடப்போவதில்லை. ஏற்கெனவே என்னால் அவருக்கு ஒரு கெட்ட பெயர் வந்திருக்கிறது. நான் சொன்ன ஒரு பொய்யால் என் அண்ணன் சாகக் கிடந்தான், பழி இவர் தலையில் விழுந்தது. அந்தப் பழியை எப்படியாவது இறக்கி வைக்க முடியுமா என்று ஐந்து வருஷமாகப் பார்க்கிறேன்.

அவர் சங்ககிரியில் குடியிருந்தார். இங்கே சின்ன ஆஸ்பத்திரி எதிலும் மயக்க டாக்டர் நிரந்தரமாக இருப்பதில்லை. கேஸ் இருந்தால் போன் போகும், அவர் காரை எடுத்துக்கொண்டு வருவார். காலையில் சங்ககிரி, பிறகு நாங்கள், மதியத்துக்கு மேல் பள்ளிபாளையம் என்று சுற்றிக்கொண்டே இருப்பார். ஒல்லியான, உயரமான மனிதர். படுத்திருப்பவர்களின் தலைக்கு மேல் குனிந்து குனிந்தே கழுத்து முன்னால் நீண்டுவிட்டது. எங்கள் ஆஸ்பத்திரி வாசல் பலகையில் ஆறு டாக்டர்களின் பெயர் இருந்தது. வாரத்துக்கு ஒருமுறை வந்து தலைகாட்டிவிட்டுப் போகும் தோல் டாக்டரின் பெயர்கூட இருந்தது. தினமும் வந்த இவர் பெயர் இல்லை. இவர் அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. நான்தான் கேட்டேன். பெயின்டர் வரும்போது பார்க்கலாம் என்றார்கள். பெயின்டர் மூன்று முறை வந்துவிட்டுப் போனார்.

ஆபரேஷன் பத்து மணிக்கு என்றால் ஒன்பதுக்கே வந்துவிடுவார். முதலில் தியேட்டருக்குள் போவார். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்து பார்ப்பார். தொண்டையில் சேருவதை உறிஞ்சி எடுக்கிற குழாயை ஓடவிட்டுத் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். அது தோலைக் கவ்விப் பிடித்தால்தான் அவருக்குத் திருப்தி. ஒருநாள் நான், "நேத்துதானுங்க சார் பார்த்தீங்க" என்றேன். "நேத்துப் பார்த்தது நேத்தைக்கு சிஸ்டர்" என்றார்.

பிறகு வார்டுக்குப் போய் நோயாளியின் கட்டிலில் உட்காருவார். அவருடைய விசாரணை அங்கேதான் ஆரம்பிக்கும். யார் சொல்வதையும் ஒரு தடவையில் நம்பமாட்டார். அதுதான் அவருடைய குணம், நோய், பெருமை எல்லாம். "மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்குதா?" என்று கேட்பார். இல்லை என்றால், "வாங்க, ஏறிப் பார்ப்போம்" என்று கூடவே இவரும் ஏறுவார், பேச்சுக் கொடுத்துக்கொண்டே. பாதிப் படியில் பேச்சு நின்றுபோனால் அந்த ஆளுக்கு இதய ஸ்கேன் எடுக்காமல் மயக்கம் கிடையாது. "குறட்டை விடுவாரா?" என்று மனைவியிடம் கேட்பார். அந்த அம்மாக்கள் வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள். குடலிறக்கத்துக்கு வந்தவன் குறட்டையைப் பற்றி இவருக்கு என்ன என்று வெளியே பேசிக்கொள்வார்கள். குறட்டை விடுகிறவனுக்கு மயக்கத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும் என்று நான் விளக்கினால், "அப்படிங்களா" என்று சொல்லிவிட்டு நம்பாமல் போவார்கள்.

குடிப்பழக்கம் பற்றிக் கேட்கும்போது மாமனார், மச்சான் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார். அவர்கள் நிற்கும்வரை, "அந்தப் பழக்கமே இல்லீங்க" என்றிருந்த ஆள், கதவைச் சாத்தியதும், "தெனம் ஒரு குவாட்டருங்க, நோம்பி நொடின்னா கூடுங்க" என்பார். குடிக்கிற உடம்புக்கு மருந்து வேறு மாதிரி வேலை செய்யும். அது தெரியாமல் கொடுத்தால் ஆபத்து.

சாப்பாடு விஷயத்தில் மட்டும் மூன்று விதமாகக் கேட்பார். "ஏதாச்சும் சாப்பிட்டீங்களா?" என்பது முதல் கேள்வி. எல்லாரும் இல்லை என்பார்கள். "காலையில எந்திரிச்சதும் என்ன பண்ணுனீங்க?" என்பது இரண்டாவது. அதிலும் தப்பிப்பார்கள். பிறகு ஊர்க்கதை ஏதாவது பேசுவார், மழை பெய்ததா, மரவள்ளிக்கிழங்குக்கு இந்த வருஷம் எப்படி என்று. நடுவில் சாதாரணமாக, "டீ யாரு போட்டாங்க?" என்பார்.

"நம்மூட்டுக்காரிதாங்க. இஞ்சி தட்டிப் போட்டு நல்லா வெப்பா."

அவ்வளவுதான். எழுந்துவிடுவார். "இன்னைக்கு வேண்டாம் சாமி." யாராக இருந்தாலும் அவருக்குச் சாமிதான். அதைக் கேட்டதும் உறவுக்கூட்டம் கொந்தளிக்கும். ஒரு டீத்தண்ணிக்காக ஆபரேஷனை நிறுத்துவார்களா, கார் பிடித்து வந்திருக்கிறோமே என்று சண்டைக்கு வருவார்கள். எங்கள் ஆஸ்பத்திரியின் சொந்தக்காரரும் சர்ஜனுமான பெரிய டாக்டரும் பல்லைக் கடிப்பார். இவர் ஒருவரிடமும் கோபப்பட்டதில்லை. வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலே ஏறி நுரையீரலுக்குள் போய்விடும் என்று பொறுமையாக ஒவ்வொரு தடவையும் சொல்வார். ஒவ்வொரு தடவையும் அவர்கள் தலையை ஆட்டிவிட்டு, "ஊசி போடறவருக்கு என்ன இவ்ளோ ராங்கி" என்பார்கள்.

எனக்கு ஆத்திரம் அங்கேதான். மயக்கம் என்றால் தூக்கம் என்று ஊரே நினைக்கிறது. தூங்குகிறவன் தானாக மூச்சு விடுவான், கொசு கடித்தால் கையை வீசுவான், எச்சில் வழிதவறி இறங்கினால் இருமுவான். முழு மயக்கத்தில் கிடப்பவனுக்கு இது எதுவும் கிடையாது. அவனுக்கு வேறு ஒருவர்தான் மூச்சு விட வேண்டும். சர்ஜன் வயிற்றுக்குள் பார்த்துக்கொண்டிருப்பார். அந்த வயிற்றுக்குச் சொந்தக்காரன் உயிரோடு இருக்கிறானா என்று பார்த்துக்கொண்டிருப்பவர் தலைமாட்டில் நிற்கிறவர். "தூங்க வெக்கறது ரெண்டு நிமிச வேலை சிஸ்டர்" என்பார் அவர். "மத்த நேரம் பூரா அவங்களைத் திரும்பக் கொண்டாந்து சேக்கற வேலை."

ஆபரேஷன் முடிந்து எல்லாரும் கையுறையைக் கழற்றின பிறகும் அவர் மட்டும் நகரமாட்டார். "கண்ணைத் தொறங்க சாமி. தலையைத் தூக்குங்க. கீழ வெக்காதீங்க, தூக்கியே வெச்சிருங்க" என்று நோயாளியின் காதில் கத்துவார். தலையைத் தூக்கி நிறுத்தத் தெம்பு வந்துவிட்டால் மருந்து இறங்கிவிட்டது, இனி மூச்சுக்குப் பயமில்லை என்று அர்த்தம். வெளியே இருப்பவர்களுக்கு இந்தச் சத்தம் மட்டும்தான் கேட்கும். ஒருமுறை ஒரு கோழிப்பண்ணைக்காரரின் மகன், "ஆப்பரேசன் பண்ணுன மனுசன எதுக்குங்க இப்பிடி மெரட்டறாரு?" என்று என்னிடம் சண்டைக்கு வந்தான். அந்தக் கோழிப்பண்ணைக்காரர் குணமாகிப் போகும்போது பெரிய டாக்டருக்கு முட்டை அட்டை பத்து, நர்ஸ்களுக்கு ஆளுக்கு ஒன்று, வாட்ச்மேனுக்கு ஒன்று என்று வேனில் கொண்டுவந்து இறக்கினார். இவர் படிக்கட்டில் எதிரே வந்தார். பண்ணைக்காரர் இவரைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க இங்க கம்பவுண்டருங்களா?" என்றார்.

"கிட்டத்தட்ட அப்படித்தாங்க" என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டார். அந்தக் கோழிப்பண்ணைக்காரருக்கு ஆபரேஷன் நடுவில் இதயத்துடிப்பு நாற்பதுக்கும் கீழே இறங்கியது. இவர் மருந்து போட்டு மேலே கொண்டுவந்ததைப் பார்த்தவள் நான். அதை அவர் பண்ணைக்காரரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

இடுப்பு வலிக்காரிகளையும் அவர் விடமாட்டார். ஒரு பெண் குழந்தையோடு வந்து, எல்லாருக்கும் முன்னால் முதுகு ஊசியைத் திட்டிக்கொண்டிருந்தாள். இவர் நின்று, "குழந்தைக்கு எப்படி உக்காந்து பால் கொடுக்கறீங்க? சும்மா உக்காந்து காட்டுங்க" என்றார். அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, முதுகை வில்லாக வளைத்து, குழந்தையின் மேல் கவிழ்ந்தாள். இவர் இரண்டு தலையணையை எடுத்து வந்து ஒன்றை அவள் முதுகுக்கும் ஒன்றைக் குழந்தைக்கு அடியிலும் கொடுத்தார். "இப்ப?" என்றார். "இப்ப வலிக்கலீங்க" என்றாள். பத்து நாள் இப்படியே செய்யுங்கள் என்று அனுப்பிவைத்தார். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் தன் மாமியாரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "ஊசி போட்டதுக்குத்தான் இப்ப தலைகாணி குடுத்துச் சமாளிக்கறாரு."

இந்த மாதிரிக் கதைகளை எல்லாம் நான் வீட்டில் சொல்லிச் சிரிக்க வைப்பேன். 'டீ யாரு போட்டாங்க' கதை என் அண்ணனுக்கு ரொம்பப் பிடிக்கும். திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்வான். அதுதான் எமனாக வந்தது.

அண்ணன் ரிக் வண்டியில் டிரில்லர். போர்வெல் போடும் வண்டியோடு வருஷத்தில் எட்டு மாசம் வடக்கே இருப்பான். அவனுக்குப் பித்தப்பையில் கல். ஊருக்கு வந்திருந்த இடைவெளியில் எடுத்துவிடலாம் என்று எங்கள் ஆஸ்பத்திரியிலேயே ஏற்பாடு செய்தேன். வயிற்றில் துளை போட்டு, கேமரா விட்டுச் செய்கிற ஆபரேஷன். முழு மயக்கம் வேண்டும். அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் நங்கை என்போம். நங்கை ஜோசியரிடம் போய் நேரம் குறித்து வந்தாள். புதன்கிழமை காலை ஒன்பதே காலுக்கு மேல் பத்தே காலுக்குள். அன்று சாயங்காலத்திலிருந்து அண்ணனுக்குச் சந்திராஷ்டமம். அது முடிந்தால் சனிக்கிழமை, நல்ல காரியத்துக்கு ஆகாது. அடுத்த வாரம் என்றால் உடம்பு தேறுவதற்குள் வண்டி கிளம்பிவிடும். பெரிய டாக்டரும் அந்த நேரத்துக்கே ஒப்புக்கொண்டார். இந்த ஊரில் எந்த சர்ஜனின் அறையிலும் நாள்காட்டி ராகுகாலத்தோடுதான் தொங்கும்.

புதன்கிழமை ஏழரை மணிக்கு அண்ணனின் அறைக்குப் போனேன். நெய் வாசம் அடித்தது. கட்டிலுக்கு அடியில் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அண்ணனின் மீசை மினுக்கிக்கொண்டிருந்தது.

"என்ன நங்கை இது?"

"விடியறதுக்கு முன்னால போயி கோயில்ல பொங்கல் வெச்சுட்டு வந்தேன் அம்மணி. நம்ம கொலசாமிக்குப் படைச்சது. கத்தி படறதுக்கு முன்னால ரெண்டு வாயி வெக்காம எப்பிடி?"

"எத்தனை மணிக்கு?"

"ஆறரை இருக்கும்." கூடவே ஒரு டம்ளர் காபியும்.

நான் கதவுப் பக்கம் திரும்பினேன். அண்ணன் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அம்மணி, உன்ற டாக்டர்கிட்ட வாயைத் தொறந்தீன்னா அந்த ஆளு இன்னைக்கு வேண்டாம்னு போட்டுருவாரு. ரெண்டு நாளு சந்திராஷ்டமம். அப்புறம் நான் வயித்து வலியோட வண்டியேறிப் போயி அங்க காட்டுல கெடந்து சாவறதா?"

நான் யோசித்தேன். அதுதான் தப்பு. எத்தனையோ பேர் பொய் சொல்லியிருப்பார்கள், இவர் கண்டுபிடிக்காமலும் போயிருப்பார், ஒன்றும் ஆகவில்லையே என்று யோசித்தேன். பொங்கல் சாமியுடையது என்ற நினைப்பும் எனக்குள் எங்கேயோ இருந்தது, படித்து என்ன பிரயோசனம். கேஸ் ஷீட்டில், இரவு பத்து மணிக்குப் பிறகு எதுவும் உட்கொள்ளவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலியே பயிரை மேய்ந்தது.

அவர் வந்தார். கட்டிலில் உட்கார்ந்தார். மூன்று விதமாகவும் கேட்டார். "டீ யாரு போட்டாங்க?" என்று கேட்டபோது அண்ணன் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே, "இன்னைக்கு யாரும் போடலீங்க சார்" என்றான். நான் வீட்டில் சொல்லிச் சிரித்த கதையில் தேர்ச்சி பெற்றிருந்தான்.

டாக்டர் எழுந்து என் பக்கம் திரும்பினார். "உங்க அண்ணன். நீங்க சொன்னாப் போதும் சிஸ்டர்."

"ஒண்ணும் சாப்பிடலீங்க சார்."

பத்து வருஷத்தில் அவர் ஒருவரின் பேச்சை ஒரே தடவையில் நம்பியது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மருந்து ஏறியது. அண்ணனின் கண் மூடியது. அவர் குழாய் போடத் தலையை நிமிர்த்தியபோது பொங்கல் தொண்டைக்கு வந்துவிட்டது. "மேசையத் தலைப்பக்கம் இறக்குங்க" என்றார். ஒரு கையால் அண்ணனின் முகத்தைத் திருப்பினார், மறு கையில் உறிஞ்சு குழாய். கண்ணாடிக் குடுவைக்குள் சோற்றுப் பருக்கைகள் விழுந்தன. ஒரு திராட்சையும் விழுந்தது. அதைப் பார்த்த பிறகு எனக்கு மறைக்க ஒன்றும் இல்லை.

"எத்தனை மணிக்கு சிஸ்டர்?" அவர் தலையை நிமிர்த்தவில்லை.

"ஆறரைக்குங்க சார்."

"எவ்வளவு?"

"ஒரு கிண்ணம் இருக்கும். காபியும் குடிச்சாருங்க."

மூச்சுக்குழாய்க்குள் குழாய் இறக்கி, அதற்குள்ளும் உறிஞ்சி எடுத்தார். அதற்கு முன்பே கொஞ்சம் நுரையீரலுக்குப் போய்விட்டிருந்தது. ஆக்சிஜன் அளவு இறங்கிக்கொண்டே வந்தது. ஆபரேஷன் நின்றது. எங்களிடம் அண்ணனுக்குத் தொடர்ந்து மூச்சுக் கொடுக்கிற இயந்திரம் இல்லை. ஈரோட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆம்புலன்ஸில் ஏற்றினோம். வழி முழுக்க அவர் முழங்காலிட்டு உட்கார்ந்து கையால் பையை அமுக்கி அண்ணனுக்கு மூச்சுக் கொடுத்துக்கொண்டு வந்தார். பள்ளிபாளையம் பாலத்தில் துணி பேல் ஏற்றிய லாரி ஒன்று நின்றுபோய் வண்டிகள் நகரவில்லை. நான் அழ ஆரம்பித்தேன். "அழாதீங்க சிஸ்டர். எனக்கு அவரு நெஞ்சுச் சத்தம் கேக்கணும்" என்றார். நான் வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் அமுக்கிக்கொண்டே இருந்தார்.

அண்ணனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்துவிட்டு மதியம் திரும்பி வந்தோம். ஆஸ்பத்திரி வாசலில் அறுபது எழுபது பேர். நங்கையின் தம்பி முன்னால் நின்று கத்திக்கொண்டிருந்தான். "மயக்க மருந்தை ஜாஸ்தியாப் போட்டுக் கொல்லப் பார்த்தானுங்க!" பத்துப் பேர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலத்துக்குள் அது எல்லா வாட்ஸப் குழுவுக்கும் போய்விட்டது.

அவர் ஆம்புலன்ஸிலிருந்து இறங்கி அவர்களுக்கு முன்னால் போய் நின்றார். "வயித்துல இருந்தது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிருச்சுங்க. சரியாயிரும். டாக்டருங்க பார்த்துக்கிட்டிருக்காங்க."

"வயித்துல என்னய்யா இருந்துச்சு? பச்சைத்தண்ணி குடிக்காம வந்த ஆளு!"

நங்கை அங்கேதான் நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. நானும் அங்கேதான் நின்றேன். அவர் சொல்லியிருக்கலாம். என் கையெழுத்து இருந்த கேஸ் ஷீட்டை எடுத்து வந்து காட்டியிருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் அந்தக் கூட்டம் என் பக்கம் திரும்பியிருக்கும், என் வேலையும் போயிருக்கும். அவர் காட்டவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள். உள்ளே வந்து கை கழுவும்போது என்னிடம் சொன்னார், "நான் உங்ககிட்ட ரெண்டாவது தடவை கேட்டிருக்கணும் சிஸ்டர். என் தப்புத்தான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அண்ணன் பதினோரு நாளில் பிழைத்து எழுந்தான். கல்லைப் பிறகு ஈரோட்டிலேயே எடுத்தார்கள். எடுத்த சர்ஜனின் காலில் குடும்பத்தோடு விழுந்தார்கள். எங்கள் பெரிய டாக்டர் ஆஸ்பத்திரியின் பெயர் கெட்டுவிட்டது என்று மயக்க டாக்டரை மாற்றிவிட்டார். அதை அவருக்குப் போனில் சொல்லும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். சொன்னேன். "சரிங்க சிஸ்டர்" என்றார். பிறகு, "நாளைக்கு டான்சில் எடுக்க வர்ற குழந்தைக்கு முன்பல்லு ஒண்ணு ஆடுது. குழாய் போடறப்ப விழுந்து உள்ள போயிரும். புதுசா வர்றவர்கிட்ட மறக்காமச் சொல்லிருங்க" என்றார். உண்மையைப் பெரிய டாக்டரிடம் சொல்லிவிடுகிறேன் சார் என்று சொல்ல வாயெடுத்தேன். "சரிங்க சார்" என்றுதான் வந்தது. போனை வைத்துவிட்டார். ஒரு வருஷத்தில் நானும் அந்த வேலையை விட்டேன்.

போன தை மாசம் அண்ணன் வீட்டார் புதுவீட்டுக்குக் குடிபோனார்கள். பந்தியில் எங்கள் பெரியப்பா ஒருவர், வெள்ளிக்கிழமை சங்ககிரியில் தனக்குக் குடலிறக்க ஆபரேஷன் என்றார். மயக்க ஊசியை நினைத்தால்தான் பயமாக இருக்கிறது என்றார். நங்கை பரிமாறிக்கொண்டே வந்தவள் நின்றாள்.

"வெறும் வயித்தோட மட்டும் போயிராதீங்க மாமா. அவங்க அப்படித்தான் சொல்லுவாங்க. வெறும் வயித்துல அந்த மருந்து ஜாஸ்தியா ஏறிக்கும். இவருக்கு அதுதான் ஆச்சு, பச்சைத்தண்ணி பல்லுல படாமப் போயி. நீங்க பாட்டுக்கு ரெண்டு இட்லி சாப்பிட்டுட்டு, இல்லைன்னு சொல்லிருங்க."

ஐந்து வருஷமாகச் சொல்லிச் சொல்லி அவளே அதை நம்பிவிட்டாள். இலையை விட்டு எழுந்தேன். பொங்கல், காபி, ஆறரை மணி, குடுவையில் விழுந்த திராட்சை, கேஸ் ஷீட்டில் நான் போட்ட பொய்க் கையெழுத்து, ஆம்புலன்ஸில் அவர் அமுக்கிய பை, எல்லாவற்றையும் பந்தியில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். தப்பு என்னுடையது, அந்த டாக்டர்தான் அண்ணன் உயிரைக் காப்பாற்றினார் என்றேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்தான், ஆனாலும் செய்தேன்.

நங்கை, "பொங்கலா? நாக்குல தொட்டு வெச்சதுதான் அம்மணி. சாமி பிரசாதம் ஆளைக் கொல்லுமா?" என்றாள்.

அண்ணன் சிரித்தான். கோபமாகக்கூட இல்லை. "உக்காரு அம்மணி. அந்த ஆளு உங்க ஆஸ்பத்திரி ஆளு, நீ விட்டுக் குடுக்க மாட்டே. அதுக்குன்னு உன்ற தலையில நீயே மண்ணள்ளிப் போட்டுக்குவியா?"

எல்லாரும் தலையை ஆட்டினார்கள். நல்ல மனசு, பாவம் என்று ஒரு கிழவி என்னைப் பார்த்துச் சொன்னாள். அன்றைக்குக் கிளம்பிய பொய்யை ஒரே தடவையில் ஏற்றுக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால் தியாகம் என்கிறார்கள். பெரியப்பா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நங்கையிடம்தான் கேட்டார், "இட்லிக்குச் சட்னி தொட்டுக்கலாமா, காரம் ஆகாதா?"

மறுநாள் அந்தச் சங்ககிரி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்தேன். வெள்ளிக்கிழமை குடலிறக்கக் கேஸுக்கு மயக்க டாக்டர் யார் என்று கேட்டேன். எடுத்த பெண்ணுக்குத் தெரியவில்லை.

"யாராச்சும் வருவாங்க மேடம். எதுக்குங்க?"

"யார் வந்தாலும் அவர்கிட்ட சொல்லணும், எழுதிக்கோங்க. அந்தப் பெரியவர் காலையில சாப்பிட்டுட்டுத்தான் வருவாரு. இல்லைன்னு சத்தியம் பண்ணுவாரு. கூட வர்றவங்களும் பண்ணுவாங்க. யாரையும் நம்ப வேண்டாம்னு சொல்லுங்க."

"நீங்க யாருங்க?"

"அவரு சொந்தக்காரிதான்" என்றேன்.

வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு நங்கை போன் செய்தாள். கொதித்துக்கொண்டிருந்தாள். "கேட்டியா அம்மணி அநியாயத்தை? மாமாவை ஆப்பரேசன் பண்ணாமத் திருப்பி அனுப்பிச்சுட்டானுங்களாமா. நேரங்காலம் பார்த்துப் போன மனுசன். என்னென்னமோ கேட்டு, வயித்துல ஸ்கேன் மிசினையே வெச்சுப் பார்த்து, சாப்பிட்டிருக்கீங்கன்னு சொல்லி, இன்னைக்கு ஆவாதுன்னுட்டானாமா."

"பெரியப்பா நல்லா இருக்காரா?"

"நல்லாத்தான் இருக்காரு. அதுவா இப்பப் பேச்சு?"

"யாரு நங்கை திருப்பி அனுப்புனது? டாக்டர் பேரு என்ன?"

"அது யாருக்குத் தெரியும்? ஊசி போடறவன் எவனோ ஒருத்தன்."